ஜரியை இழுக்காதீர்கள், படுக்க வையுங்கள்

கேள்வி: மேட்டி துணியில் பள்ளிவாசல் மினாராவும் பிறையும் கிராஸ் தையலில் போட்டு வருகிறேன். பிறையை மட்டும் ஜரி நூலில் போட ஆசை. ஆனால் நாலு தையல் போடுவதற்குள் ஜரி உரிந்து உள்நூல் தெரிகிறது. விலை கூடிய ஜரி வாங்கினால் சரியாகுமா? இல்லை, ஆரி வகுப்புக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகி ஒருவர், வீரசோழன்

பதில்: இரண்டும் வேண்டாம். கடையில் கிடைக்கும் ஜரி பெரும்பாலும் ஒரு நூலைச் சுற்றிய மெல்லிய மினுமினுப்புத் தகடுதான். ஒவ்வொரு தையலுக்கும் துளை வழியே இழுபடும்போது அந்தச் சுற்று அவிழ்ந்துவிடும். அசல் வெள்ளி ஜரியையும் அப்படி இழுத்தால் தாங்காது.

ஜரியைத் துணியின் மேலேயே படுக்க வைத்து, வேறொரு மெல்லிய நூலால் அங்கங்கே கட்டுங்கள். தையல் வகுப்புகளில் இதைக் கௌச்சிங் என்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற லக்னோ ஜர்தோசி வேலைப்பாட்டிலும் பொன்னிழை துணியின் மேல்தான் கிடக்கிறது. கஅபாவைப் போர்த்தியிருக்கும் கிஸ்வா துணியில் உள்ள எழுத்துகளும் அப்படித்தான். கறுப்புப் பட்டில் பருத்தி நூலை அடுக்கி மேடாக்கி, அதன்மேல் தங்க முலாம் பூசிய வெள்ளி இழையை வைத்துக் கட்டுகிறார்கள். உங்கள் பிறைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மினாராவையும் பின்னணியையும் முதலில் முடித்துவிடுங்கள். ஜரி வேலை கடைசியில்தான். பிறையின் இடத்தை மஞ்சள் நூலில் கிராஸ் தையலால் நிரப்பினால் ஜரிக்கு இடையே வெள்ளைத் துணி எட்டிப் பார்க்காது. துணி பிரேமில் விறைப்பாக இருக்கட்டும்.

இரண்டு ஜரி இழைகளைச் சேர்த்து, நுனியில் 2 அங்குலம் விட்டு, பிறையின் வெளிக்கோட்டில் வையுங்கள். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்த மஞ்சள் தையல் நூலை மெல்லிய கூர் ஊசியில் கோத்து, ஜரிக்குக் குறுக்கே ஒரு சின்னக் கட்டு. 3 மில்லிமீட்டர் தள்ளி அடுத்தது. கிராஸ் தையலுக்குப் பிடித்த மொட்டை ஊசி இங்கே உதவாது. அது மேட்டியின் துளைகளையே தேடிப் போகும், வளைவு படிக்கட்டாகிவிடும். கூர் ஊசி துளைகளுக்கு இடையிலும் இறங்கும். கட்டை இறுக்கிவிடாதீர்கள், ஜரி இடுப்பொடிந்து நிற்கும். அடுத்த வரிசையின் கட்டுகள் முதல் வரிசைக் கட்டுகளுக்கு நடுவே விழட்டும், செங்கல் அடுக்குவதுபோல.

பிறையின் முனைதான் கஷ்டம். இரண்டு இழைகளையும் சேர்த்து மடக்கினால் புடைத்துக்கொள்ளும். வெளி இழையை மடக்கி ஒரு கட்டு, பிறகு உள் இழையை மடக்கி ஒரு கட்டு. இங்கே நேரம் போனால் போகட்டும். பிறையின் அழகே அந்த முனையில்தான்.

எல்லாம் முடிந்தபின், விட்ட நுனிகளைப் பெரிய கண் ஊசியில் கோத்துப் பின்பக்கம் இறக்கி, அங்கே கட்டி நறுக்குங்கள். ஜரி துணிக்குள் போவது அந்த ஒருமுறைதான்.

துவைக்காதீர்கள். சட்டம் போடும்போது கண்ணாடி ஜரியை அழுத்தாதபடி ஓரத்தில் அட்டைப் பட்டை வைக்கச் சொல்லுங்கள்.