இணைய விளையாட்டாளரின் மனக்குறை: ஒரு பயனீட்டாளர் பார்வை



‘விளையாட்டில் தோற்றதற்கா இவ்வளவு கோபம்?’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. விடுதி அறையில் நள்ளிரவு ஒரு மணிக்கு விசைப்பலகையை ஓங்கித் தட்டும் நண்பனிடம் நாமும் அப்படிக் கேட்டிருப்போம். அந்தக் கோபத்தில் நியாயமானது எது, நியாயமற்றது எது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில், ஒரே கற்பனை உலகில், ஆளுக்கொரு பாத்திரமேற்று விளையாடும் இணைய விளையாட்டுகளையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். தென்கொரியாவில் உருவான ரக்னரோக் ஆன்லைன், மேப்பிள்ஸ்டோரி ஆகிய இரண்டும் 2000களில் மலேசிய இளைஞர்களிடையே பரவின. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்குமான மேப்பிள்ஸ்டோரி பதிப்பு 2005இல் வந்தது. ஜோர்ஜ்டவுன் சைபர் கஃபேக்களில் மணிக்கணக்கில் அமர்ந்து அவற்றை விளையாடிய கதைகளை என் பெரியம்மா மகன் இன்றும் சொல்வார்.

மூவகைக் குறைகள்

முதலாவது, தொழில்நுட்பக் குறை. இணைய இணைப்பு தடுமாறித் திரை உறைந்து நிற்கும். மீண்டும் அசையும்போது நம் பாத்திரம் இறந்து கிடக்கும். பல விளையாட்டுகளில் இறந்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதியும் கழிந்துவிடும். இந்தக் கோபத்தை யாரும் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, காலம் பற்றியது. ஒரு படி உயர ஒரே வகை அரக்கனை நூற்றுக்கணக்கான முறை கொல்ல வேண்டும். சலிப்பாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டே தொடர்கிறோம். இங்கு நம்மை யாரும் ஏமாற்றவில்லை. செலவாகும் நேரம் கண்முன்னே தெரிகிறது. இக்குறையை நம்மிடமேதான் முறையிட வேண்டும்.

மூன்றாவது, பணம் பற்றியது. விளையாடக் கட்டணம் இல்லை. ஆனால் வலிமையான பொருள் வேண்டுமானால் அதிர்ஷ்டப் பெட்டியை வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்பது வாங்கிய பிறகே தெரியும். கிடைக்காவிட்டால் ‘நமக்கு அதிர்ஷ்டமில்லை’ என்று தேற்றிக்கொள்கிறோம். உண்மையில் அதிர்ஷ்டம்தானா?

கொரியாவில் நடந்தது

கொரிய மேப்பிள்ஸ்டோரியில், ஆயுதங்களின் திறனை மாற்றும் ‘கியூப்’ என்னும் பொருளை நெக்சன் நிறுவனம் 2010 முதல் விற்றது. கிடைக்கும் திறன் குலுக்கலில் அமையும். விளையாட்டாளர்கள் தங்கள் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து ஐயம் கொண்டனர். 2021இல் மின்பலகை பொருத்திய லாரிகளை வாடகைக்கு அமர்த்தி எதிர்ப்பைத் தெரிவித்தனர். அதன்பின் நிறுவனம் வாய்ப்பு விகிதங்களை வெளியிட்டது. பலரும் விரும்பிய சில திறன் சேர்க்கைகள் எத்தனை முறை முயன்றாலும் கிடைக்கவே கிடைக்காது என்ற உண்மை அப்போது அம்பலமானது.

2024 ஜனவரியில் கொரியாவின் நியாய வணிக ஆணையம் நெக்சனுக்கு ஏறத்தாழ 11.6 பில்லியன் வோன் அபராதம் விதித்தது. மற்றொரு வகைக் கியூபில், பொருளை உச்சத் தரத்துக்கு உயர்த்தும் வாய்ப்பு 2013இல் 1.8 விழுக்காடாக இருந்து, 2016இல் 1 விழுக்காடாகச் சொல்லாமலே குறைக்கப்பட்டதையும் ஆணையம் சுட்டிக்காட்டியது. அக்காலத்தில் விகிதத்தை வெளியிடச் சட்டக் கடமை இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2024 மார்ச் முதல் அங்கு அது சட்டக் கடமையாகிவிட்டது.

ஒரு சிறு கணக்கு

1.8க்கும் 1க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். வாய்ப்பு 1 விழுக்காடு என்றால், ஒரு முறை கிடைக்காமற்போகும் வாய்ப்பு 0.99. நூறு முறைக்கு அதை நூறு தடவை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.37. அதாவது, ஆளுக்கு நூறு பெட்டி வாங்கிய நூறு பேரில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு திரும்புவர். வாய்ப்பு 1.8 விழுக்காடாக இருந்தால் அவ்வாறு திரும்புவோர் 16 பேர் மட்டுமே. நூறு முறை வாங்கினால் கட்டாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் தவறானதே.

இந்தக் கணக்கு எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. படிவம் நான்கில் படித்தபோது, தீபாவளிக்குக் கிடைத்த 180 ரிங்கிட்டை ஒரே இரவில் ஒரு விளையாட்டின் பெட்டிகளில் தொலைத்தேன். விரும்பிய வாள் கிடைக்கவில்லை. பயிற்சி நூல்கள் வாங்க வைத்திருந்த பணம் அது. ‘பணம் தொலைந்துவிட்டது’ என்று அம்மாவிடம் சொன்னேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலை செய்து அவர் மீண்டும் பணம் தந்தார். அந்த விளையாட்டு விகிதத்தைக் காட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் பொய் சொன்னது நான்தான்.

நாம் செய்யக்கூடியவை

வாங்குமுன் வாய்ப்பு விகிதம் வெளியிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள், இல்லையேல் வாங்காதீர்கள். பற்றுச்சீட்டையும் திரைப்படிமத்தையும் தேதியுடன் சேமித்து வையுங்கள். குறையிருந்தால் வசைபாடாமல், நடந்ததை வரிசைப்படுத்தி எழுத்தில் முறையிடுங்கள். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றம் உள்ளது. 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றியே அங்கு உரிமை கோரலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கமோ அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் மாநிலத்திலேயே இயங்கி வருகிறது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். கொரிய விளையாட்டாளர்கள் வெறுமனே அழவில்லை. கணக்கைக் காட்டிக் கேட்டார்கள். நாமும் அவ்வாறு கேட்கப் பழகுவோம். அதற்குமுன் நம் கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம்.

என் அம்மா தமிழ் இதழ்களை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். இம்மலரும் அவர் கைக்குப் போகும். அந்த 180 ரிங்கிட் எங்கே போனது என்பதை அவர் இதில் படித்துத் தெரிந்துகொள்ளுமுன், இந்த வாரமே வீட்டுக்குச் சென்று நானே சொல்லிவிடப் போகிறேன்.