மூட்டு தேய்ந்தால் நடக்கக் கூடாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னதும் நடப்பதையே நிறுத்திவிட்டார். நடந்தால் இன்னும் தேயும் என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மாவின் பயம் இயல்பானது. ஆனால், உட்கார்ந்தே இருப்பதுதான் வலியைக் கூட்டும். மூட்டைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அசைவு குறைந்தால் அது மெலியும். பாரம் முழுவதும் மூட்டின் மேல் இறங்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்கட்டும். காலுக்குப் பத்து முறை, காலை மாலை இரு வேளையும். பழகியபின், கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து உட்காரலாம். சமதரையில் பத்து நிமிடம் நடக்கலாம். லேசான வலி வந்தால் பயமில்லை. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறையுங்கள்.

கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். உடல் பருமன் இருந்தால், ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும். தரையில் சம்மணமிடுவதையும் குந்துவதையும் தவிர்க்கட்டும்.

முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்வது நல்லது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் உண்டு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மூட்டு திடீரென வீங்கிச் சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ பயிற்சியை நிறுத்தி, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.