மேவிபோசேத்துக்கு ஒரு இடம்

வேதபாடம்: 2 சாமுவேல் 9:1–13



நம்ம வாலிபர்கள் சிலருக்கு ஒரு பாரம் உண்டாகியிருக்கிறது. நேபாளத்துக்கோ இலங்கைக்கோ மிஷன் பயணம் போய், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருக்கிற இல்லத்தில் பத்து நாள் ஊழியம் செய்யவேண்டும் என்கிறார்கள். நல்ல பாரம்தான், தடுக்கவேண்டாம். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னே வேதத்தைத் திறந்து பார்ப்போம்.

1. தாவீது தேடினான்

மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடின அவசரத்தில் விழுந்து, ரெண்டு காலும் போயிற்று (2 சாமு. 4:4). அதற்குப்பின் லோதேபாரில் யாரோ ஒருவர் வீட்டில் இருந்தான். அவன் உதவி கேட்டு அரண்மனைக்கு வரவில்லை. தாவீதுதான் விசாரித்து, ஆள் அனுப்பி, கூட்டிக்கொண்டு வந்தான். பாட்டன் சவுலின் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தான். தன் பிள்ளைகளோடு பந்தியில் உட்காரவைத்தான்.

கடைசி வசனத்தைக் கவனியுங்கள். அப்போதும் அவனுக்கு ரெண்டு காலும் முடம்தான்! சுகத்துக்காக நாம் ஜெபிக்கிறோம், இனியும் ஜெபிப்போம். ஆனால் சுகம் வந்த பிறகுதான் பந்தியில் இடம் என்று தாவீது சொல்லவில்லை. அந்த இடம் பத்து நாளுக்கும் அல்ல, தினந்தோறும்.

2. நம்மிடம் வந்தவர்கள் தங்கினார்கள்

1890களில் பாளையங்கோட்டைக்கு இங்கிலாந்திலிருந்து மிஷனெரிகளாக வந்திருந்தார்கள் ஆஸ்க்வித் அம்மையாரும் ஃபுளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையாரும். அவர்களுக்கும் அது வெளிநாட்டு ஊழியம்தான். ஒருவர் பார்வையற்றோருக்கும், மற்றவர் காதுகேளாதோருக்கும் பள்ளி தொடங்கினார்கள். தமிழ் கற்றார்கள், வருஷக்கணக்கில் தங்கினார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பும் கைத்தொழிலும் கொடுத்தார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்த ரெண்டு பள்ளிகளும் நடக்கின்றன. வந்தவர்கள் போனபின்னும் வேலை நிற்கவில்லை. அதுதான் மிஷன்.

3. போகிறவர்கள் கவனிக்கவேண்டியது

* பர்திமேயுவிடம் இயேசு என்ன வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). நீங்களும் அங்குள்ள ஆசிரியர்களிடம் கேளுங்கள். பாத்திரம் கழுவச் சொன்னால் கழுவுங்கள்.
* காதுகேளாத மனிதனை இயேசு கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போனார் (மாற்கு 7:33), வேடிக்கைப் பொருளாக்கவில்லை. பெற்றோர் அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்காதீர்கள்.
* இல்லத்துப் பிள்ளைகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். மாதத்துக்கு ஒரு குழு வந்து கொஞ்சிவிட்டுப் போனால், அந்தப் பிஞ்சு மனசு ஒவ்வொரு தடவையும் உடையும். "திரும்ப வருவேன்" என்று சும்மா சொல்லாதீர்கள்.
* மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் படுக்கவைத்து ஊட்டக்கூடாது, சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும். முதுகு நிமிர உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவேண்டும். இதைப் பழகிக்கொண்டு போங்கள்.
* வலிப்பு வந்தால் பிசாசு என்று கூச்சல் போடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஜெபியுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

4. லோதேபார் எங்கே இருக்கிறது?

தேவஜனமே, லோதேபார் நம்ம காக்களூரிலேயே இருக்கலாம். சிட்கோ கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிற வீடுகளில், வெளியே கொண்டுவரக் கூச்சப்பட்டு உள்ளேயே வளர்கிற பிள்ளை உண்டா? ஆராதனைக்கு வந்த தாயிடம் "யார் செய்த பாவம்?" என்று யாராவது கேட்டால், அடுத்த வாரம் அவள் வருவாளா? பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் அதையே கேட்டார்கள். அந்தப் பழியை இயேசு அவன்மேலும் வைக்கவில்லை, பெற்றவர்கள்மேலும் வைக்கவில்லை (யோவான் 9:3).

டிரம்ஸ் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற ஆட்டிசம் பிள்ளைக்காக ஸ்பீக்கரைக் குறைத்தால் அபிஷேகம் குறையாது! வாசற்படியில் ஒரு சாய்தளம் போட்டால் சக்கர நாற்காலி உள்ளே வரும்.

2016ஆம் வருஷத்துச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. கடும் பாதிப்பு, மனவளர்ச்சிக் குறைபாடு போன்ற சில வகையினருக்கான மாத உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் 1500 ரூபாயிலிருந்து 2000 ஆக உயர்த்தியது. அடையாள அட்டைக்கும் இதற்கும் திருவள்ளூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஒரு நாள் லீவு போட்டு ஒரு தாயோடு கூடப் போய் வருவதும் மிஷன் பயணமே. இதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

வீட்டுக்கூட்டத்தில் பேச:
1. நம் தெருவில் இப்படிப்பட்ட பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியுமா?
2. வருகிற ஞாயிறு அந்தத் தாய் ஆராதனையில் உட்கார, யார் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது?

தாவீது முதலில் அரண்மனையில் இருந்துதான் விசாரித்தான். நாமும் பக்கத்துத் தெருவில் விசாரிக்கத் தொடங்குவோம். இங்கே பழகின கை, நேபாளத்திலும் உதவும். கர்த்தர்தாமே நம்மை நடத்துவாராக. ஆமென்.