கொடியின் வேலை வேறு, பூட்டின் வேலை வேறு
துப்பாக்கிப் பாதுகாப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

துப்பாக்கி சுடும் பயிற்சி மையங்களில், மேசைமேல் கிடக்கும் துப்பாக்கிகளிலிருந்து பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் சேம்பர் ஃபிளாக். தோட்டா உட்காரும் அறைதான் சேம்பர். கொடியின் தண்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் அங்கே தோட்டா இருக்க முடியாது. வெளியே தெரியும் பகுதி, தள்ளி நிற்பவருக்கும் அதைச் சொல்லிவிடும். பூட்டு வேறு வகை. ட்ரிகரை மூடியோ, சேம்பரை அடைக்கும் போல்ட்டை மூடவிடாமல் தடுத்தோ, துப்பாக்கியை இயக்க முடியாமல் செய்வது அது. கொடி கண்ணுக்குத் தகவல் தருகிறது. பூட்டு கையைத் தடுக்கிறது. இந்த வேறுபாடு புரியாததால் வளர்ந்த தவறான நம்பிக்கைகள் பல. இதில் ஒரு தவறு ஓர் உயிரையே வாங்கிவிடும் என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை 1: மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி.

உண்மை: தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து ஏற்கெனவே சேம்பருக்கு ஏறிவிட்ட தோட்டா அங்கேயேதான் இருக்கும். பல பிஸ்டல்களில் மேகசின் இல்லாமலேயே ட்ரிகரை இழுத்தால் அது வெடிக்கும். வரிசை மாறினாலும் ஆபத்துதான். முதலில் பிஸ்டலின் மேல் பகுதியான ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மேகசினைக் கழற்றினால், வெளியே விழுந்த தோட்டாவின் இடத்துக்கு அடுத்த தோட்டா வந்துவிடும். கீழே விழுந்ததைப் பார்த்தவரோ துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்புவார்.

முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ட்ரிகரிலிருந்து விரலை விலக்கி, முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு ஸ்லைடையோ போல்ட்டையோ திறந்து சேம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டும், விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். கொடியைச் செருகுவது கடைசிப் படி. அது சரியாக இறங்கவில்லை என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

நம்பிக்கை 2: கொடுத்தவரே காலி என்று சொல்லிவிட்டார், நான் பார்க்கத் தேவையில்லை.

உண்மை: 2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படத்தின் ஒத்திகை நடந்தது. ஆபத்தில்லாதது என்று அறிவித்து நடிகர் அலெக் பால்ட்வினிடம் ஒரு ரிவால்வர் தரப்பட்டது. அதற்குள் நிஜத் தோட்டா இருந்தது. அது வெடித்ததில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். இயக்குநர் ஜோயல் சூசா காயமடைந்தார். படப்பிடிப்பில் ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஹன்னா குட்டியரஸ்-ரீட் 2024இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

வாய்ச்சொல் சோதனையாகாது. துப்பாக்கியைத் திறந்து காட்டித்தான் கொடுக்க வேண்டும். வாங்குபவரும் தானே ஒருமுறை பார்க்க வேண்டும். எதிரே நிற்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அப்படிப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது.

நம்பிக்கை 3: ஏர் ரைஃபிள் விளையாட்டுச் சாமான், அதற்கெல்லாம் கொடி எதற்கு?

உண்மை: கடலூரில் பிறந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் பங்கேற்ற 10 மீட்டர் பிரிவில் சுடுவது ஏர் ரைஃபிளால்தான். நம் பிள்ளைகள் பலரும் இந்தப் பயிற்சியைத் தொடங்குவது அதில்தான். அந்த 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒரு கண்ணைப் பறிக்க அது போதும்.

குழலுக்குள் தங்கிவிட்ட குண்டு வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி, ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் இரண்டுக்கும் குழலின் முழு நீளத்துக்கும் ஓடும் கொடியைக் கேட்கிறது. வீரர்கள் பலர் இதற்குப் பளிச்சென்ற நிறத்தில் நீண்ட நைலான் இழையைப் பயன்படுத்துகிறார்கள். இரு முனைகளும் வெளியே தெரிந்தால் குழலில் எதுவும் இல்லை என்பது உறுதி.

குழலில் தங்கியது எவ்வளவு கொடியது என்பதற்கு 1993இல் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் நடந்த மரணம் சாட்சி. சரியாகச் செய்யப்படாத போலித் தோட்டா ஒன்றின் முனை ரிவால்வரின் குழலில் சிக்கிக்கொண்டது. பின்னர் அதே துப்பாக்கியில் வெற்று வெடித்தோட்டாவைச் சுட்டபோது, சிக்கியிருந்த முனை பாய்ந்து நடிகர் பிராண்டன் லீயைக் கொன்றது. சேம்பரை மட்டும் பார்த்தால் போதாது. குழலையும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 4: கொடி செருகியிருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் பரவாயில்லை.

உண்மை: கொடி ஓர் அடையாளம், அவ்வளவுதான். யாரும் ஒரு நொடியில் உருவிவிடலாம். நகரும்போது கழன்றும் விழலாம். கொடி இருந்தாலும் முனையை மனிதர் பக்கம் திருப்பக் கூடாது. குறிபலகைப் பக்கம் ஆள் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. அதே கூட்டமைப்பின் போட்டிகளில், கொடி இல்லாவிட்டால் முதலில் எச்சரிக்கை. எச்சரித்த பிறகும் மறுத்தால் தகுதிநீக்கம். இரட்டைக்குழல் ஷாட்கன்னை மடக்கித் திறந்தபடியே எடுத்துச் செல்வார்கள்; அங்கே திறந்த குழலே கொடியின் வேலையைச் செய்கிறது.

நம்பிக்கை 5: ட்ரிகர் பூட்டு போட்டுவிட்டால் தோட்டாவோடு வைத்துக்கொள்ளலாம்.

உண்மை: இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. தோட்டா நிரம்பிய துப்பாக்கியில் ட்ரிகர் பூட்டை மாட்டும்போதோ கழற்றும்போதோ அது ட்ரிகரை அழுத்திவிடலாம். நிரம்பிய துப்பாக்கியில் அதை மாட்டவே கூடாது என்பது அடிப்படை விதி. கேபிள் பூட்டு இந்த வகையில் மேல். திறந்த சேம்பர் வழியாகவோ மேகசின் செருகும் இடம் வழியாகவோ கம்பிவடம் ஓடுவதால், துப்பாக்கியைத் திறக்காமல் அதை மாட்டவே முடியாது. மாட்டிய பின் போல்ட்டும் மூடாது. ஆனாலும் உறுதியான கட்டரால் அந்த வடத்தை வெட்டிவிடலாம். குழந்தையின் கையைத் தடுப்பதற்கு அது போதும். திருடனைத் தடுக்க இரும்புப் பெட்டி வேண்டும். தோட்டாக்கள் தனியாக, வேறொரு பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ அதற்கு ஈடான பாதுகாப்புச் சாதனமோ சேர்த்துத் தர வேண்டும். வாங்கியவர் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கடை கொடுத்த பூட்டு அலமாரியில் தூங்கினால் யாருக்கும் பாதுகாப்பில்லை.

நம்பிக்கை 6: எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று என் பிள்ளைக்குத் தெரியாது.

உண்மை: 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டது. துப்பாக்கி இருக்குமிடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள், தங்களுக்குத் தெரியும் என்று சொன்னார்கள். பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோரில் 22 சதவீதத்தினரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள். ஒளித்து வைப்பதைப் பாதுகாப்பாக எண்ணக் கூடாது. சாவி பக்கத்து ஆணியில் தொங்கும் பூட்டுக்கும் அதே கதிதான்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியை ஒரு தேவையாக்கின. அந்தப் பயிற்சி சான்றிதழோடு முடிந்துவிடக் கூடாது. துப்பாக்கியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது நிரம்பியிருப்பதாகவே எண்ணிச் சோதியுங்கள். சுடாத நேரத்தில் கொடியைச் செருகுங்கள். வீட்டில் வைக்கும்போது காலி செய்துவிட்டுப் பூட்டுங்கள்; தோட்டாக்களைத் தனியே பூட்டுங்கள்; சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையை ஒரு பயிற்சி மையத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அங்கே சும்மா கிடக்கும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் கொடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிள்ளையை அங்கே சேர்க்காதீர்கள்.