தூக்கிக் கட்டிய ஜீப்புகளில் பின் இருசு முறுகும் கோளாறு

மலைச்சரிவுகளில் ஏலம், காப்பி, காய்கறி முதலியன பயிரிடுவோருக்குப் பழைய ஜீப்பு வண்டியைப் போல் உழைக்கும் வாகனம் அரிது. அமெரிக்காவில் வில்லிஸ்-ஓவர்லண்ட் கம்பெனியார், யுத்தகால ஜீப்பைச் சிறிது மாற்றி, 1945-ஆம் வருஷத்தில் ஸி.ஜே. 2ஏ என்னும் பெயரால் குடியானவர்களை உத்தேசித்தே விற்பனைக்குக் கொணர்ந்தனர். இந்தியாவில் மகீந்திரா கம்பெனியார் 1940-களின் பிற்பகுதியிலிருந்து இவ்வம்சத்து வண்டிகளைப் பூட்டியும், பின்னர் உற்பத்தி செய்தும் வந்தனர். போடிமெட்டைச் சூழ்ந்த ஏலத்தோட்டங்களில் ஆட்களையும் மூட்டைகளையும் சுமப்பவை பெரும்பாலும் ஜீப்புகளே. கல்லும் குழியுமான பாதையில் அடிப்பாகம் இடிக்காதிருக்கும் பொருட்டுப் பலர் இவற்றைத் தூக்கிக் கட்டி, பெரிய டயர்களையும் பூட்டுகின்றனர். அதன்பின் மேட்டில் ஏறுகையில் பின்பாகம் குதிரைபோல் துள்ளுவதும், கிராஸ் எனப்படும் இணைப்புகள் அடிக்கடி தேய்வதும், பிரொப்பெல்லர் தண்டு முறிவதும் காணப்படுகின்றன. கிராஸை மாற்றுவதால் மட்டும் இவை தீரமாட்டா. காரணம் வேறிடத்தில் உள்ளது.

மாட்டுவண்டியில் இழுக்கும் விசை நுகத்திலிருந்து வருகிறது; சக்கரம் இருசின்மேல் சும்மா சுழல்கிறது. ஜீப்பிலோ சக்கரத்தைச் சுழற்றும் விசை இருசின் வழியாகவே செல்லுகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது, அதைச் சுழற்றும் இருசின் கூடு எதிர்த்திசையில் சுழல முற்படும். அதாவது, கூட்டின் நடுவே தண்டு வந்து சேரும் மூக்குப் பாகம் மேல்நோக்கி எழும். அதைத் தடுத்து நிறுத்துவது, வில்வண்டியில் உள்ளதைப் போன்ற பட்டை வில் ஒன்றே. விசை மிகுந்தால் வில்லின் முன்பாதி மேலே புடைத்து, பின்பாதி கீழே தொய்யும். டயரின் பிடி நழுவியதும் வில் திடீரென்று நிமிரும். மீண்டும் பிடி கிடைத்ததும் மறுபடியும் முறுகும். மேட்டில் காணும் துள்ளல் இதுதான். மேற்சொன்ன ஸி.ஜே. 2ஏ வண்டியில் மிகத் தாழ்ந்த கியரில் என்ஜினின் சுழல்விசை ஏறக்குறைய 37 மடங்காகப் பெருகிச் சக்கரங்களை அடைகிறது என்றால், வில்லின்மேல் விழும் சுமை எத்தகையதென ஊகிக்கலாம்.

தூக்கிக் கட்டுவதால் இது ஏன் மிகுகிறது? வில்லை முறுக்கும் நெம்புகோலின் நீளம், தரையிலிருந்து வில் இருசோடு சேரும் இடம் வரையுள்ள உயரமாகும். இவ்வகை ஜீப்புகளில் ஆதியில் வில் இருசின் அடியில் பொருத்தப்பட்டிருந்தது. உதாரணமாக, இருசின் மையம் தரையிலிருந்து 35 செ.மீ. உயரத்திலும், வில் அதற்கு 7 செ.மீ. கீழேயும் இருப்பின், அந்நீளம் 28 செ.மீ. ஆகும். வில்லை இருசின் மேல் மாற்றிக் கட்டினால் அதுவே 42 செ.மீ. ஆகிறது. டயரை மாற்றாமலே முறுக்கு ஒன்றரை மடங்காயிற்று. பெரிய டயர் பூட்டினால் இன்னும் ஏறும். வில் முன்பே மேலே உள்ள வண்டிகளில் வில்லுக்கும் இருசுக்கும் இடையில் கட்டை வைத்து உயர்த்துவதும் இதே விளைவைத் தரும். கட்டையின்மேல் கட்டை அடுக்குவது எவ்விதத்திலும் கூடாது.

இதில் உள்ள அபாயம் செலவு மட்டுமன்று. பழைய வில்லிஸ் வம்சத்து வண்டிகளில் கைப்பிரேக்குச் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னால் பிரொப்பெல்லர் தண்டின் தலைப்பிலே உள்ளது. முன் இருசை இணைக்காமல் ஓட்டும்போது பின் தண்டு முறிந்தால், வண்டியின் இழுவையும் கைப்பிரேக்கும் ஒரே கணத்தில் போய்விடும். கியரில் விட்டு நிறுத்துவதும் பலிக்காது. ஆட்களை ஏற்றிக்கொண்டு சரிவில் நிற்கும் வண்டிக்கு அப்போது கால்பிரேக்கு ஒன்றே துணை.

கோளாறை அறிவதற்கு முதலில் மற்றக் காரணங்களை விலக்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் ஒரேவிதமாக அதிர்ந்தால், டயரின் எடைச் சமனின்மையைச் சந்தேகிக்கலாம். அழுத்தும்போது அதிர்ந்து, விட்டவுடன் அடங்கினால் இருசின் முறுக்கமே பெரும்பாலும் காரணம். சமதரையில் புறப்படுகையில் மட்டும் உடல் முழுவதும் நடுங்கி, சக்கரம் துள்ளாவிடில் அது கிளச்சின் குற்றம். பள்ளத்தில் இறங்கி எழுந்தபின் நெடுநேரம் ஊசலாடினால் ஷாக் அப்ஸார்பர் கெட்டிருக்கிறது. புறப்படும்போது ஒரு முறையும், பிரேக்குப் பிடிக்கும்போது ஒரு முறையும் அடியில் ‘டக்’கென்ற ஓசை கேட்டால், தேய்ந்த கிராஸ், ஷாக்கிள் புஷ், தளர்ந்த யூ-போல்ட்டு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே முறுக்கத்தைக் கருதவேண்டும்.

பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டில் அமர்ந்து வில்லைக் கவனிக்க வேண்டும். சீரான வளைவின்றி, முன்பாதி இருசின் அருகே நிரந்தரமாகப் புடைத்திருப்பின் அப்பட்டைகள் ஓய்ந்துவிட்டன. யூ-போல்ட்டைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள், கட்டையின் ஓரங்களில் பளபளத்த தேய்மானம், நடுப்போல்ட்டின் தலை அறுந்திருத்தல் ஆகியவையும் சாட்சிகளே.

முடிவான பரீட்சை ஒன்றுண்டு. ஆயினும் அதைப் பலர் தவறாகவே செய்கின்றனர். கால்பிரேக்கை அழுத்திக்கொண்டு கியரைப் போட்டுக் கிளச்சை விட்டு, இருசு அசையவில்லை, ஆகவே கோளாறில்லை என்று தீர்மானிக்கின்றனர். இது பிழை. பின் சக்கரப் பிரேக்கு இருசின் கூட்டோடு பொருத்தப்பட்டதாகையால், சக்கரத்தைச் சுழற்றும் விசையும் அதை நிறுத்தும் விசையும் கூட்டுக்குள்ளேயே ஒன்றையொன்று சரிக்கட்டிக் கொள்ளும்; வில்லுக்கு முறுக்கு எதுவும் செல்லாது. கைப்பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பதும் வீண். விசை இருசை அடையுமுன்பே நின்றுவிடும்.

சரியான முறையாவது: முன் சக்கரங்களை மண்ணில் நன்கு பதித்த கற்களால் தடுத்து, எல்லாப் பிரேக்குகளையும் விட்டுவிட வேண்டும். முன் இருசு இணைக்கப்படாதிருத்தல் வேண்டும். வில்லை இருசோடு சேர்க்கும் தகட்டில் 60 செ.மீ. நீளமுள்ள நேரான மரச்சட்டம் ஒன்றை, நுனி டயருக்கு முன் வெளியே தெரியும்படி கிடையாகக் கட்டி, நுனியின் அருகே தரையில் ஒரு பலகையை நட்டு வைக்க வேண்டும். பின்பு ஒருவர் முதல் கியரில் கிளச்சை மெல்ல விட்டு, டயர் தள்ள ஆரம்பித்ததும் உடனே மிதித்துவிட வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் பிடித்தால் கிளச்சு கருகும். மற்றவர் பக்கவாட்டில் எட்ட நின்று நுனியைக் கவனிப்பார். கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்வது இன்னும் நலம். வண்டியின் முன்னும் அடியிலும் ஒருவரும் இருக்கலாகாது. நுனி 1 செ.மீ. எழுந்தால் இருசு ஏறக்குறைய 1 பாகை திரும்பியதாகக் கொள்ளலாம். முன் சக்கரங்களின் பின்புறமும் கற்களை வைத்து, ரிவர்ஸ் கியரிலும் இவ்வாறே செய்தால் நுனி தாழும். இரண்டையும் குறித்துவைத்து, சீர்திருத்தம் செய்தபின் திரும்ப அளந்து ஒப்பிட வேண்டும்.

சீர்திருத்தத்தில் முதலாவது, கட்டையை எடுத்துவிட்டு, வேண்டிய உயரத்திற்கு வளைத்துச் செய்த வில்லையே பொருத்துவது. பழைய யூ-போல்ட்டுகளை மறுபடி உபயோகிக்கலாகாது. புதியவற்றையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முடுக்க வேண்டும். வில் இருசின் மேலேயே இருக்கவேண்டுமாயின், இருசின் கூட்டில் மேலும் கீழும் இரண்டு இடங்களில் பிடித்து, முன்னே சட்டத்தில் தொங்கும் எதிர்முறுக்குத் தண்டு ஒன்றைப் பூட்டலாம். அதன் முன்முனை ஷாக்கிளில் தொங்கவேண்டும். இரு முனைகளையும் அசையாது இறுக்கினால் வில்லின் ஏற்ற இறக்கம் தடைபட்டு, வேறோர் இடம் பிளக்கும். கனமான ஷாக் அப்ஸார்பர் துள்ளலைக் குறைத்துக் காட்டும், முறுக்கத்தைக் குறைக்காது. கடைக்காரர் அதையே முதலில் சிபாரிசு செய்வது வழக்கமாதலால் இதைச் சொல்ல நேர்ந்தது.

கிராம அதிகாரிகள் அறியத்தக்கது ஒன்று: 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியைத் திருத்தலாகாது. ஆட்களை ஏற்றும் வண்டிகளின் விஷயத்தில் இதை முன்கூட்டியே எடுத்துரைத்தல் நலம்.

பழுது நீங்கும் வரையில், சரிவில் நிறுத்தும்போதெல்லாம் முன் இருசை இணைத்து, கைப்பிரேக்கைப் பிடித்து, சரிவின் கீழ்ப்புறமாகச் சக்கரங்களுக்குக் கல் வைத்த பின்னரே ஆட்களை இறங்கவோ ஏறவோ விடவேண்டும்.