ஏ7 மார்க் 4-ஆ, ஆர்6 மார்க் 2-வா?

கல்யாண போட்டோகிராபர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். சோனி ஏ7 மார்க் 4 அறிவிக்கப்பட்டது 2021 அக்டோபரில். கேனான் ஆர்6 மார்க் 2 அடுத்த ஆண்டு நவம்பரில். இரண்டும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ். அமெரிக்காவில் இரண்டுமே 2,499 டாலருக்குத்தான் அறிமுகமாயின. விலை ஒன்றாக இருந்ததால் வாக்குவாதம் எண்களுக்குத் தாவிவிட்டது. கடன் வாங்கி கேமரா வாங்குகிறவர்கள் நிறைந்த தொழில் இது. எண்களைத் தவறாகப் படித்துவிட்டு லட்சக்கணக்கில் செலவழிப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

“33 மெகாபிக்சல் இருக்கும்போது 24 எதற்கு?” என்கிறார்கள். சோனி படத்தின் அகலம் 7008 பிக்சல், கேனானுடையது 6000. அதாவது அகலத்தில் கூடுதல் 17 விழுக்காடுதான். 12×36 அங்குல ஆல்பத்தை விரித்து வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 12×18. அந்தப் பக்கத்தை நிறைக்கும் கேனான் படத்தில் அங்குலத்துக்கு 333 பிக்சல், சோனியில் 389. லேப் கேட்கும் 300-ஐ இரண்டும் தாண்டிவிடுகின்றன. பந்தியின் கடைசி வரிசையில் இருக்கும் பாட்டியின் முகத்தை மட்டும் வெட்டியெடுக்கும் பழக்கம் உள்ளவருக்குச் சோனி நிச்சயம் கைகொடுக்கும். மற்றவர்களுக்கு ஹார்டு டிஸ்க்தான் சீக்கிரம் நிறையும்.

“கேனான் நொடிக்கு 40 படம் எடுக்கும்” என்பதும் முழு உண்மை இல்லை. அது எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும். அப்போது ரா கோப்பு 12 பிட்டுக்கு இறங்கிவிடும். ரா எடுத்தால் இரண்டு நொடிக்குள் பஃபரும் நிறைந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 12. சோனி சொல்லும் 10-க்கும் நிபந்தனை உண்டு: கம்ப்ரஸ்டு ராவில்தான் அந்த வேகம், லாஸ்லெஸ் ராவுக்கு மாற்றினால் சுமார் 6. தாலி கட்டும் நேரத்தில் அட்சதை விழும் அந்த நொடிகளுக்கு முன்பே மெனுவில் இதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் அச்சிடாத ஓர் எண்தான் இந்த இரண்டையும் உண்மையில் பிரிக்கிறது. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் ஒரு படத்தை மேலிருந்து கீழாக வாசித்து முடிக்க கேனானுக்குச் சுமார் 1/68 நொடி போதும். சோனிக்குச் சுமார் 1/15 நொடி வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் சோனியின் சென்சார் வாசித்து முடிப்பதற்குள் விளக்கு ஆறேழு முறை மங்கிவிடும். ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்து, சத்தம் வேண்டாமென்று சைலன்ட் ஷட்டரில் எடுத்தால் மணமேடையின் குறுக்கே ஆறேழு இருண்ட பட்டைகள் விழும். கேனானில் ஒன்றோ இரண்டோ விழும். அதுவும் முழுதாகத் தப்பிவிடாது. தவில் குச்சி வேகமாக இறங்கும்போது வளைந்து தெரிவதற்கும் காரணம் இதே வாசிப்பு நேரம்தான். அப்படிப்பட்ட மண்டபத்தில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி வேகத்தை 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் பட்டை போய்விடும்.

“போட்டோவுக்கு கேனான், வீடியோவுக்கு சோனி” என்ற பேச்சு இந்த ஜோடிக்குப் பொருந்தவே இல்லை. ஸ்லோமோஷனுக்காக 4கே-யில் 50 அல்லது 60 ஃபிரேம் வைத்தால் சோனி சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. 24 மி.மீ. லென்ஸ் 36 மி.மீ. போல ஆகிவிடும். வீட்டுக் கூடத்தில் நலங்கு நடக்கும்போது முதுகு ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருக்கும், பின்னால் நகர இடமிருக்காது. கேனான் முழு அகலத்தையும் 6கே-யாகப் படித்து 4கே-யாகச் சுருக்கித் தருகிறது. 25 ஃபிரேமில் எடுப்பவருக்கு இந்தக் குறை கிடையாது. அங்கே சோனி 7கே-யிலிருந்து சுருக்குவதால் படம் மிகக் கூர்மையாக வரும். 10 பிட் பதிவு இரண்டிலும் உண்டு.

கேனானில்தான் தோல் நிறம் நன்றாக வரும் என்பது ஜேபெக் காலத்துப் பேச்சு. ராவில் எடுக்கிறவருக்கு வெள்ளைச் சமநிலையும் எடிட்டிங்கும்தான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. மாநிறப் பெண்ணைச் சுண்ணாம்பாக வெளுக்கவைப்பது எந்த கேமராவும் இல்லை, எடிட்டிங் மேசைதான். அந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில்தான் பணம் உண்மையில் போகிறது. சோனியின் இ-மவுன்ட்டுக்கு சிக்மா, டாம்ரான் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் சோனியின் சொந்த ஜிஎம் லென்ஸ்களைவிடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. கேனானின் ஆர்எஃப் மவுன்ட்டில் அந்த இரு நிறுவனங்களுக்கும் 2024-இல் கதவு திறந்தபோது ஏபிஎஸ்-சி லென்ஸ்கள் மட்டுமே வந்தன, ஃபுல் ஃபிரேமுக்கு வரவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சோனியைத்தான். பீரோவில் ஏற்கெனவே இஎஃப் 70-200 வைத்திருப்பவர் கேனானின் மவுன்ட் அடாப்டரை மட்டும் வாங்கினால் போதும். அந்த லென்ஸ் ஆட்டோஃபோகஸ் குறையாமல் ஆர்6 மார்க் 2-இல் வேலை செய்யும்.