இணையத்தளம் போடப் போகிறீர்களா?

இளைஞர் கழகம், மரண உதவிச் சங்கம், முன்பள்ளி என்று பலரும் இப்போது "எங்களுக்கும் ஒரு இணையத்தளம் வேணும்" என்கிறார்கள். நல்ல விசயம். "வேர்ட்பிரஸ் போட்டா சரி" என்று படித்த பிள்ளைகள் சொல்வார்கள். அது 2003இல் வெளிவந்த இலவச மென்பொருள். அறிவித்தலையும் படத்தையும் நாமே ஏற்றி, நாமே மாற்றலாம். இப்படியானதை உள்ளடக்க முகாமைத்துவ முறை என்பார்கள். அதை எங்கே, எப்படி நிறுவுவது?

வேர்ட்பிரஸ்.கொம் தளத்தில் இலவசமாகத் தொடங்கினால் நிறுவுகிற வேலையே இல்லை. ஆனால் முகவரியின் வாலில் அவர்கள் பெயர் ஒட்டியிருக்கும், விளம்பரமும் வரும். அடுத்தவர் லயத்தில் ஒரு காம்பரா கிடைத்த மாதிரிதான்.

வருட வாடகைக்கு இணையத்தில் இடம் எடுத்தால், பெரும்பாலும் அங்கேயே நிறுவுவதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சில நிமிடத்தில் முடியும். நிர்வாகி பெயர் 'அட்மின்' என்று இருந்தால் அப்படியே விடாதீர்கள். திருடன் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

கையாலும் நிறுவலாம். தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, கோப்புகளை ஏற்றி, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். இதற்கு 'ஐந்து நிமிட நிறுவல்' என்று பெயர். முதல் தடவை அரை நாள் போகும், பயப்பட வேண்டாம்! எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் பழுது பார்க்கவும் தெரியும். பிள்ளைகள் எக்சாம்ப் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு, இணையம் இல்லாமலே பழகட்டும். பிழை வந்தாலும் நட்டமில்லை. சங்கத்துக்கு வாடகை இடமும் பொத்தானும் போதும் என்பது என் எண்ணம்.

எந்த வழியானாலும் ஒன்றைக் கேளுங்கள்: டொமைன் பெயரும் வாடகைக் கணக்கும் யாருடைய மின்னஞ்சலில் இருக்கின்றன? செய்து கொடுத்த தம்பி கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விட்டால், காசு கட்டச் சொல்லும் கடிதம் அவருக்குத்தான் போகும். கட்டாவிட்டால் பெயர் கைவிட்டுப் போகும், பிறகு வேறு யாரும் அதை வாங்கலாம். ஆகவே சங்கத்தின் பெயரிலேயே மின்னஞ்சல் ஒன்றைத் திறவுங்கள். கடவுச்சொல் செயலாளருக்கும் பொருளாளருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மாதம் ஒருமுறை பிரதி எடுத்து வையுங்கள். கோப்புகளை மட்டும் எடுத்தால் படங்கள் மிஞ்சும், எழுதியது மிஞ்சாது. எழுத்தெல்லாம் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் எடுங்கள்.